மயிலாத்தாளின் மெமரி கார்டு

“என்ற பையன் போயிட்டானுங்க. இதாச்சும் பொழைக்குமான்னு பாத்துச் சொல்லுங்க.”

மயிலாத்தாள் போனை மேஜைமேல் வைத்தாள். தடித்த கறுப்பு போன். முதுகில் ஒரு பென்குயின் ஸ்டிக்கர், அதற்குக் கீழே இந்த மாடியின் விலாசம். அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்திருந்தாள்.

டீச்சர் போனைப் பார்த்தாள். தொடவில்லை.

“ஏறாத கடை இல்லீங்க. இது என்ன கம்பெனின்னே தெரியலீங்கறாங்க. ஒருத்தன் பழைய இரும்புக்குப் போடச் சொல்றான்.”

“இது லினக்ஸ்ங்கற சிஸ்டத்துல ஓடற போன். அவங்களுக்குத் தெரியாது.”

“என்ற பையன் இங்க வந்தானுங்களா? பரணிதரன்னு பேரு. லாரி மோதி…”

“வந்தான்.”



தாராபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி அது. மெஷின்கள் போய்விட்டன. நீள மேஜைகள் மட்டும் மிச்சம். அங்கே ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு டீச்சர் லினக்ஸ் சொல்லிக் கொடுத்தாள். பாதிப் பேர் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள், அவளுடைய முகத்துக்குப் பயந்து. முப்பது வயதுகூட இருக்காது. சிரித்து யாரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

“நீங்க எந்தூருங்க டீச்சர்? ஆரு வீட்டுப் பொண்ணு?”

அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். இதற்குப் பெயர் நலம் விசாரிப்பது.

டீச்சர் பதிலுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

“இப்பத்தான் குடிச்சேனுங்க” என்றாள் மயிலாத்தாள்.

வெயிலில் நடந்து வந்து உதடு வெடித்திருந்தது. ஆனால் பதில் வராத இடத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. அவள் வளர்ந்த விதம் அப்படி.

“இதை நான் தொடமாட்டேன்” என்றாள் டீச்சர். “நீங்க கத்துக்கங்க. நீங்களே திறங்க.”

“நான் எட்டாவதுங்க.”

“போதும்.”

“உங்களுக்குத் தெரியுமில்லீங்க? சித்த நேரத்துல பண்ணிர மாட்டீங்களா?”

“பண்ணிருவேன்.”

“அப்பறமென்ன?”

டீச்சர் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு மெமரி கார்டை எடுத்து, மேஜையில் அவள் பக்கமாகத் தள்ளினாள்.

*

“இந்தத் துக்கடாவா அவ்வளவு பெரிய போனை எழுப்பும்?”

“எழுப்பும்.”

“எப்புடிங்க?”

“போன் முழிச்சதும் முதல்ல எங்க பாக்கும்?”

“உள்ளதான் பாக்கும்.”

“இல்ல. கார்டைப் பாக்கும். அதுல சிஸ்டம் எழுதியிருந்தா, அது பேச்சைக் கேட்டு எந்திரிக்கும். கார்டு இல்லைன்னாத்தான் உள்ள திரும்பும்.”

மயிலாத்தாள் யோசித்தாள்.

“சொந்தமா உள்ள ஒண்ணை வெச்சுக்கிட்டு எதுக்குங்க வெளிய பாக்கணும்?”

“உள்ள இருக்கறது கெட்டுப் போகும்னு செஞ்சவனுக்குத் தெரியும்.”

மயிலாத்தாள் இதை, போனைச் செய்தவனின் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொண்டாள்.

“கார்டு போட்டா, உள்ள இருக்கறது அழிஞ்சுருமா?”

“அழியாது. கார்டுலருந்து எந்திரிச்சு, வெளிய நின்னு உள்ள பாக்கலாம். கார்டை உருவிட்டா பழையபடி ஆயிரும்.”

“பழையபடின்னா?”

“பழையபடி கெட்டது.”

*

செவ்வாயும் வெள்ளியும் காலை பஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர். டீச்சர் ஒவ்வொரு முறையும் டம்ளரில் ஊற்றி வைத்தாள். அவள் ஒவ்வொரு முறையும் இப்பத்தான் குடித்திருந்தாள்.

கீபோர்டில் எழுத்தைத் தேடி ஒரு விரலால் அடிப்பாள். கட்டளை தப்பாகப் போனால் கம்ப்யூட்டரைத் திட்டுவாள். கம்ப்யூட்டரும் விடாமல் அதே தப்பையே காட்டும். இரண்டும் பிடிவாதத்தில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல.

பக்கத்து நாற்காலியில் இதாயத்துல்லா இருப்பார். உடுமலை ரோட்டில் பேக்கரி வைத்திருக்கிறவர். தன் பழைய போனில் லினக்ஸ் ஏற்றியே தீருவது என்று உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் போன்ல அப்படி என்னக்கா இருக்கு? போட்டோவா?”

“போட்டோ வீடு பூரா இருக்குதுங்க, மாலை போட்டு. குரலு இல்ல.”

“குரலா?”

“வீட்டுல ஒரு சடவு. கடைசியா ஏழெட்டு மாசம் அவன் எங்கூடப் பேசல. சோறு போட்டா திம்பான், பேச மாட்டான். மொட்டைமாடில போயி உக்காந்து இந்தப் போன்ல என்னமோ பேசிப் பேசிப் பதிவு பண்ணுவான். பேசறது கீழ கேக்கும், என்னன்னு புரியாது. நானும் கோவத்துல காதை மூடீட்டுப் படுத்துக்குவேன்.”

இதாயத்துல்லா கையிலிருந்த பன்னைக் கடிக்காமல் வைத்துவிட்டார்.

“இப்ப அவன் குரலு எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குதுங்க. மூஞ்சி வருது. குரலு வர மாட்டேங்குது. என்னைத் திட்டியிருந்தாலும் சரி, ஒருக்காக் கேட்டாப் போதும்.”

டீச்சர் அந்தக் கோடியில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

*

ஒரு வெள்ளிக்கிழமை மயிலாத்தாள் கார்டில் சிஸ்டத்தை எழுதி முடித்தாள். முதல் தடவையாக ஒரு தப்பும் காட்டாமல் கடைசிவரை ஓடியது.

“ஆயிப்போச்சுங்க டீச்சர்!”

இதாயத்துல்லா எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் இரண்டு கார்டுகள் செருகியிருந்தன. ஒன்று மயிலாத்தாளுடையது. மற்றது அவருடையது. மயிலாத்தாள் எழுதியது அவருடையதில். இரண்டு மாதமாக அவர் கட்டி எழுப்பியது அத்தனையும் போய்விட்டது.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கார்டுக்கும் அதற்கு உரியவர் ஒரு பேர் வைக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால், செருகியிருப்பவை எவை என்று கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். அது பேர் சொல்லும். பேரைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். முதல் நாள் வருகிறவர்களுக்கும் டீச்சர் இதைத்தான் முதலில் சொல்வாள்.

“பேரைக் கேட்டீங்களா?” என்றாள் டீச்சர்.

“எதுக்குங்க கேக்கறது? என்ற கார்டு எப்பவும் இடது பக்கத்துலதான் இருக்கும். இடது பக்கத்துல எழுதினேன்.”

“இடத்தைப் பாத்தீங்க.”

“ஆமாங்க.”

“பேரைக் கேக்கல.”

“அதான் இடத்தப் பாத்தாலே தெரியுதில்லீங்க?”

டீச்சர் மேஜையில் இருந்த அன்றைய டம்ளரை எடுத்தாள். தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டினாள். டம்ளரை முந்தானையால் துடைத்தாள். மயிலாத்தாளின் கார்டை அதில் போட்டாள். அலமாரியில் கிடந்த கார்டுகளையும் அள்ளிப் போட்டாள். நன்றாகக் குலுக்கி மேஜையில் கவிழ்த்தாள்.

கறுப்புக் கறுப்பாய், ஒரே மாதிரி.

“உங்களுது எது?”

மயிலாத்தாள் குனிந்து பார்த்தாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், வைத்தாள்.

“எல்லாம் ஒண்ணாட்டத்தான இருக்குதுங்க.”

டீச்சர் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு, மயிலாத்தாள் ஒவ்வொரு கார்டாகச் செருகிப் பேர் கேட்டாள். இதாயத்துல்லா உதவிக்கு வந்தார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் திரையில் ‘பரணி’ என்று வந்தது. மயிலாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“இந்தப் பொம்பளைக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா இல்லையான்னே தெரியல” என்று படியிறங்கும்போது இதாயத்துல்லாவிடம் சொன்னாள்.

டீச்சரின் காதில் விழும்படிதான் சொன்னாள்.

*

கார்டு சரியாக எழுதப்பட்டு, வேறு இரண்டு போன்களில் போட்டுப் பார்த்து, இரண்டும் எழுந்த பிறகு ஒரு நாள் டீச்சர் தலையாட்டினாள்.

“இன்னைக்குப் போடுங்க.”

மயிலாத்தாள் பையிலிருந்து போனை எடுத்தாள். அதை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். புது பேட்டரியை இதாயத்துல்லா வாங்கிப் போட்டிருந்தார், தன் கார்டு அழிந்த கோபம் தீர்ந்த பிறகு.

பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். கார்டைச் செருகினாள். பட்டனை அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

“டீச்சர்…”

“பொறுங்க.”

போன் ஒருமுறை அதிர்ந்தது. ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் கடகடவென்று ஓடின. மயிலாத்தாளுக்கு அந்த வரிகள் புரியாது. ஆனால் அவை அவள் எழுதிய கார்டிலிருந்து வருகின்றன என்பது தெரியும். வரிகள் நின்றன. திரை நீலமாகத் திறந்தது.

“எந்திரிச்சிருச்சு!” அவள் கத்தினாள். “எஞ்சாமி எந்திரிச்சிருச்சு!”

போனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளையைத் தூக்குகிறவள் போலத்தான் இருந்தது. இதாயத்துல்லாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“அது உங்க கார்டு எந்திரிச்சது” என்றாள் டீச்சர், திரும்பாமல். “அவன் உள்ள இருக்கான். போய்ப் பாருங்க.”

இப்படியா பேசுவது? ஆனால் அது உண்மைதான்.

மயிலாத்தாள் கண்ணைத் துடைத்தாள். கற்றுக்கொண்டபடி, போனின் உள்ளே இருப்பது எது, அதன் பேர் என்ன என்று கேட்டாள். இந்தத் தடவை கேட்க மறக்கவில்லை. பேரைப் பார்த்தாள். திற என்றாள்.

திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

“என்ன சொல்லுது?” என்றாள் டீச்சர்.

“பாஸ்வேர்டு கேக்குதுங்க.”

“பூட்டி வெச்சிருக்கான். போடுங்க.”

மயிலாத்தாள் அசையவில்லை.

“தெரியாதா?”

“தெரியும்” என்றாள் மயிலாத்தாள். பிறகு தலையைக் குனிந்து, “தெரியாதுங்க” என்றாள்.

இதாயத்துல்லா எழுந்து கடையைப் பார்க்கப் போகிறேன் என்று படியிறங்கிவிட்டார். நல்ல மனிதர், எப்போது போக வேண்டும் என்று தெரிந்தவர்.

“அந்தச் சடவு வந்தன்னைக்கு இந்தப் போனைப் புடுங்கினேன். அவ போட்டோ இருக்குதான்னு பாக்க. இதே மாதிரித்தான் கட்டம் காட்டுச்சு. என்னடா கேக்குதுன்னேன். அவ பேருதாம்மா, அடிச்சுப் பாருன்னான். தூக்கி எறிஞ்சேன்.”

“எவ?”

“ஒருத்திய இழுத்துட்டு வரப் பாத்தானுங்க. கட்டிக்கறேன்னான். விசாரிச்சேன். நம்ம ஆளுக இல்ல. நம்ம வாசப்படி மிதிக்கற ஆளுகளே இல்ல. செத்தாலும் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் செத்தன்னைக்கு வந்துட்டாளாம். கடைசியா ஒருக்கா மூஞ்சியப் பாக்கோணும்னு. என்ற அண்ணன் வந்து சொன்னாரு. தெரு முக்குலயே நிறுத்துங்க, உள்ள உட்டா நான் இப்பவே கெணத்துல உளுந்துருவேன்னேன். சித்த நேரம் நின்னுட்டுப் போயிட்டாளாம்.”

“பொழுது உழுகற வரைக்கும்” என்றாள் டீச்சர்.

“ஏனுங்க?”

“ஒண்ணுமில்ல. சொல்லுங்க.”

“அவ்வளவுதானுங்க. வேறென்ன சொல்ல.”

“சரி. அவ பேரை அடிங்க.”

மயிலாத்தாள் கீழே பார்த்தாள். ஒற்றை விரல் திரைக்கு மேலே நின்றது. எந்த எழுத்தின் மேலும் இறங்கவில்லை.

“எனக்குத் தெரியாதுங்க.”

“விசாரிச்சீங்களே.”

“விசாரிச்சேன். எந்தூரு, எந்தத் தெரு, அப்பன் என்ன வேலை, அவங்கப்பன் எங்கிருந்து வந்தான், எல்லாம் விசாரிச்சேன்.” போனை மேஜையில் வைத்தாள். “பேரு மட்டும் கேக்கல.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அவளுடைய ஊர் பஸ்ஸாகத்தான் இருக்கும்.

“அவன் எத்தனையோ தடவ சொல்ல வந்தான். வாயை மூடுன்னேன். அவ, இவ, அந்தக் கழுதைன்னுதான் நான் பேசினது. ஊர்ல ஆரைக் கேட்டாலும் இப்ப சொல்ல மாட்டாங்க. என்ற பையன் இதுக்குள்ள இருக்கான் டீச்சர். நான் கத்துக்கிட்டது, ராவும் பகலும் அழுதது, எல்லாம் வீணாப் போச்சு. ஒரு பேரு. ஒரே ஒரு பேரு தெரியாம நிக்கறேன்.”

அவள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள்.

டீச்சர் வந்து எதிரே உட்கார்ந்தாள். நெடுநேரம் அந்தப் போனைப் பார்த்தாள். முதல் நாளிலிருந்து அதை அவள் தொட்டதில்லை.

பிறகு தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

மயிலாத்தாள் தலையைத் தூக்கினாள்.

டீச்சரின் விரல்கள் அடித்தன. தேடவில்லை, யோசிக்கவில்லை. திரையில் எழுத்துகள் தெரியவில்லை, புள்ளிகள்தான் விழுந்தன. கடைசிப் புள்ளிக்குப் பிறகு ஒரு கணம் நிறுத்தி, அழுத்தினாள்.

திறந்துகொண்டது.

உள்ளே பதிவுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, திரை தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

மயிலாத்தாள் திரையைப் பார்க்கவில்லை. அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் எதிரே இருந்த முகம், செத்தாலும் முழிக்க மாட்டேன் என்று மயிலாத்தாள் சொன்ன முகம். கை நீண்டு, மேஜையில் இருந்த டம்ளரை எடுத்தது. ஒரே மூச்சில் குடித்தாள். தண்ணீர் கழுத்திலும் ரவிக்கையிலும் வழிந்தது.

“உன்ற பேரென்ன சாமி?”

டீச்சர் போனை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“அதுல இருக்கற ஒவ்வொரு பதிவும் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். கேட்டுக்கங்க.”